ரிங் விழ மாட்டேங்குது, டிராஃப்ட் ஏறிட்டே போகுது (அவசரம்)

நைட்ஷிப்ட்77:
வணக்கம். எங்க சிமென்ட் கில்ன்ல (சுழலும் சூளை) ரிங் உட்கார்ந்திருச்சு, உள்சுவர்ல சரக்கு வளையமா ஒட்டிக்கிச்சு. கில்ன் மோட்டார் ஆம்ப்ஸ் தாறுமாறா ஆடுது. அரைமணி நேரம் கூலருக்கு (வெந்த சரக்கை ஆற வைக்கிற இடம்) சரக்கே வராது, அப்புறம் மொத்தமா கொட்டுது. ஃப்ரீ லைம் (வினையாகாத சுண்ணாம்பு, %) 0.8க்கும் 2.6க்கும் நடுவுல அலையுது. பர்னரை மாத்திப் பார்த்தாச்சு, ஆக்ஸிஜன் நல்லாத்தான் இருக்கு. நிறுத்தாம விழ வைக்க வழி உண்டா? சீக்கிரம் சொல்லுங்க.

கிளிங்கர்கண்:
கில்ன் சைஸ் என்ன? ரிங் எத்தனையாவது மீட்டர், எந்த முனையிலிருந்து எண்ணினது? எரிபொருள் என்ன? ஆக்ஸிஜன் எங்க எடுத்தது, கில்ன் இன்லெட்டா (சரக்கு நுழையுற பின்முனை), ப்ரீஹீட்டர் ஃபேனுக்கு முன்னாடியா? சிஓ (கார்பன் மோனாக்சைடு)?

ரிஃப்ராக்டரி_ஆள்:
முதல்ல அது ரிங்தானான்னு பாருங்க. ஷெல் (வெளி உறை) சூட்டை அளக்குற ஸ்கேனர்ல டயர் (கில்னைத் தாங்குற இரும்பு வளையம்) இருக்குற இடம் எப்பவும் குளிர்ச்சியாத்தான் தெரியும். நிறைய பேர் டயர் நிழலைப் பார்த்துட்டு ரிங்னு பதறுவாங்க.

பழைய_பேனல்:
"பர்னரை மாத்தியாச்சு"ன்னா எதை? உள்ள தள்ளினீங்களா, ஆக்ஸியல் காத்தை (நேரா ஊதுறது) கூட்டினீங்களா, ஸ்விர்லை (சுழல் காத்து) தொட்டீங்களா? டாக்டர்கிட்ட போய் "உடம்பு சரியில்லை"ன்னு மட்டும் சொல்லிட்டு மாத்திரை கேக்குறாப்ல இருக்கு. லாக் ஷீட் எழுதுற பழக்கம் இருந்தா பாதிக் கேள்விக்கு வேலையே இல்லை.

நைட்ஷிப்ட்77:
மன்னிக்கணும் சார், பேனல்ல இருந்துக்கிட்டே எழுதினது. 4.35 × 67 மீட்டர், 3.8 ஆர்பிஎம், ஃபீட் மணிக்கு 260 டன். டிஸ்சார்ஜ் முனையிலேர்ந்து (சரக்கு வெளிய வர்ற பக்கம்) 28–32 மீட்டர்ல ஷெல் 140 டிகிரி, ரெண்டு பக்கமும் 270. அங்க டயர் கிடையாது. இன்லெட் டிராஃப்ட் (ஃபேன் இழுக்குற உறிஞ்சல்) மைனஸ் 28 மி.மீ. தண்ணி அளவு இருந்தது, இப்ப மைனஸ் 62. இன்லெட் ஆக்ஸிஜன் 4.2, சிஓ சில நேரம் 1800 பிபிஎம். நாக்ஸ் (நைட்ரஜன் ஆக்சைடு) பாதியாயிருச்சு. ஸ்விர்லைக் கூட்டினோம். மூணு வாரமா 100% பெட்கோக் (பெட்ரோலியக் கரி).

பழைய_பேனல்:
மூணு வாரமா பெட்கோக். கடைசி வரியில வருது பாருங்க.

கிளிங்கர்கண்:
டிராஃப்ட் இப்படி ஏறியிருந்தா ரிங்தான், சந்தேகம் வேண்டாம். 28–32ன்னா கில்ன் விட்டத்துல 6.4லேர்ந்து 7.4 மடங்கு. வழக்கமான கோட்டிங் (செங்கல் மேல ஒட்டுற சரக்குப் படலம்) 4–5 விட்டத்தோட முடியும். அதுக்கும் பின்னால கட்டியிருக்குன்னா எனக்கு சல்ஃபர் மேலதான் சந்தேகம்.

ஆக்ஸிஜன் 4.2 இருக்கும்போதே சிஓ 1800ன்னா அந்த 4.2ஐ நம்பாதீங்க. இன்லெட் சீல்ல வெளிக்காத்து இழுத்து ப்ரோப்ல கலக்கலாம், இல்ல பெட்கோக் எரிஞ்சு முடியாமலே பின்னால வருது. ரெண்டும் சேர்ந்தே இருக்கலாம். சீல் இதழ்களை இன்னிக்கே கண்ணால பாருங்க. பெட்கோக் 90 மைக்ரான் சல்லடையில நிக்கிற மிச்சம் எத்தனை சதவீதம்?

லேப்_மேசை:
நிலக்கரிக்கு ஆவியாகும் பொருள் சதவீதத்துல பாதி வரை 90 மைக்ரான் மிச்சம் விடலாம்னு ஒரு வழக்கம். பெட்கோக்ல அது 10 சுமார்தான் இருக்கும், அதனால 5ஐத் தாண்டவே கூடாது, 3க்குள்ள வந்தா நிம்மதி. கொரகொரன்னு அரைச்சா துகள் சரக்கு மேல விழுந்து படுகைக்குள்ளயே எரியும். அங்க ஆக்ஸிஜன் கிடைக்காது. கால்சியம் சல்ஃபேட் உடைஞ்சு கந்தக வாயுவா பின்னால போய், கொஞ்சம் குளிர்ந்த இடத்துல மறுபடி சுண்ணாம்போட சேர்ந்து ஒட்டும். உங்க 28–32 அந்த இடம்தான்.

கணக்கும் போட்டுப் பாருங்க. சல்ஃபர் 6%, கிலோ கிளிங்கருக்கு (வெந்து வர்ற சரக்கு) 740 கிலோகலோரி, பெட்கோக் 8200ன்னு வச்சா, எரிபொருள்லேர்ந்து மட்டும் கிளிங்கர் கணக்குல எஸ்ஓ3 1.35% வருது. மூலப்பொருள்லேர்ந்து 0.1 சேர்த்தா 1.45. கே2ஓ 0.5, என்ஏ2ஓ 0.15, குளோரைடு 0.02ன்னா சல்ஃபர்–காரம் மோலார் விகிதம்: 1.45/80 வகுத்தல் (0.5/94 + 0.15/62 − 0.02/71) = 2.4. இது 0.8–1.2க்குள்ள இருந்தா தொல்லை இல்லை. உங்க எண்களைப் போட்டுச் சொல்லுங்க. ஹாட் மீல் (கில்னுக்குள்ள நுழையுற சூடான மாவு) எஸ்ஓ3யும் வேணும்.

டிரைவ்_ரூம்:
ஒரு சின்ன விஷயம். ஏசி மோட்டார், விஎஃப்டி (வேகத்தை மாத்துற டிரைவ்)ன்னா ஆம்ப்ஸைப் பார்க்காதீங்க. காந்தப்புலத்துக்கான கரன்ட் எப்பவும் அதுல கலந்திருக்கும், சுமை குறைஞ்சாலும் ஆம்ப்ஸ் அந்த அளவுக்கு இறங்காது. டார்க் (முறுக்கு விசை) சதவீதம்தான் சரி.

பழைய_பேனல்:
ஆம்ப்ஸ் பார்த்துத்தான் இத்தனை காலம் கில்ன் ஓடுது.

டிரைவ்_ரூம்:
அது டிசி டிரைவ். டிசியில ஃபீல்டு மாறாத வரைக்கும் ஆர்மேச்சர் ஆம்ப்ஸ் டார்க்கோட நேரா போகும். மோட்டார் மாறியும் பழக்கம் மாறலைன்னா ட்ரெண்ட் பொய்தான் சொல்லும்.

பழைய_பேனல்:
ட்ரெண்டோட போக்கைப் பார்க்க எது இருந்தா என்ன? ரிங் விழும்போது ரெண்டுமே குதிக்கும்.

ரிஃப்ராக்டரி_ஆள்:
இந்தப் பஞ்சாயத்தை வேற இழையில வச்சுக்கலாமே. ரிங் உடைக்கிற துப்பாக்கி இருந்தா ஹூட் (கில்ன் வாயை மூடுற பகுதி) வழியா சுட்டுப் பார்க்கலாமா?

கிளிங்கர்கண்:
டிஸ்சார்ஜ் முனையில இருக்குற ரிங்குக்குச் சரி. 30 மீட்டர் தள்ளி, நடுவுல ஃப்ளேமும் தூசியும், எங்க படுதுன்னே தெரியாது. செங்கல்தான் உடையும்.

நைட்ஷிப்ட், சூட்டை ஏத்தி இறக்கித்தான் விழ வைக்கணும். ஃபீட் 260லேர்ந்து 210, ஆர்பிஎம்மும் அதே விகிதத்துல. மெயின் பர்னர் பெட்கோக்கை சிஓ காணாமப் போற வரைக்கும் குறைங்க. இப்ப பர்னரை 300–400 மி.மீ. உள்ள தள்ளி, ஸ்விர்லைக் குறைச்சு ஃப்ளேமை நீட்டுங்க, ரிங் சூடேறட்டும். ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பழைய இடத்துக்கு இழுத்து, ஸ்விர்ல் கூட்டி ஃப்ளேமைச் சுருக்குங்க. நீங்க வெறும் ஸ்விர்லைக் கூட்டினதால ரிங் ஒரே சூட்டுலதான் இருந்திருக்கும், விரிசல் விழ காரணமே இல்லை. இப்படி நாலஞ்சு சுத்து. நீட்டுற நேரத்துல சிஓ எட்டிப் பார்த்தா உடனே நிறுத்துங்க, இல்லைன்னா ரிங்குக்கு நீங்களே தீனி போட்ட மாதிரி.

விழுந்த உடனே டிராஃப்ட் படக்குன்னு இறங்கும். அந்த நிமிஷமே ஆர்பிஎம் 1.5க்குக் கொண்டுவந்து ஃபீடை வெட்டுங்க, ரிங்குக்குப் பின்னால தேங்கினது எல்லாம் கூலருக்குப் பாயும். சுத்து ஆரம்பிச்சதுலேர்ந்தே கூலர் கதவு, ஹூட் ஓட்டை, இன்லெட் பக்கம் ஒருத்தரும் நிக்கக் கூடாது.

ரிஃப்ராக்டரி_ஆள்:
ரிங் செங்கல் முகத்தையும் பிய்ச்சுக்கிட்டு வரும். விழுந்ததும் 28–32ல ஷெல் 400 தாண்டினா ஃபேன் வைங்க. சிவந்துட்டா தண்ணி ஊத்தாதீங்க, ஷெல் கோணிரும். நிறுத்த வேண்டியதுதான்.

லேப்_மேசை:
விழுந்தாலும் திரும்பக் கட்டும். எல்எஸ்எஃப் (சுண்ணாம்பு நிறைவு விகிதம்) 96க்கு மேல இருந்தா 93–94க்கு இறக்குங்க. கஷ்டப்பட்டு வேக வைக்கிற சரக்குல சல்ஃபர் அதிகமா ஆவியாகும். பெட்கோக் பங்கையும் கொஞ்ச நாள் குறைங்க.

நைட்ஷிப்ட்77:
மூணாவது சுத்துல, ராத்திரி 2 மணிக்கு விழுந்துச்சு. டிராஃப்ட் மைனஸ் 31. 90 மைக்ரான் மிச்சம் 7.5 இருந்திருக்கு. சீல்ல நாலு இதழ் இல்லை. ஒரு பாளம் பிரேக்கர்ல (கட்டி உடைக்கிற மெஷின்) மாட்டிக்கிச்சு, அங்க ஓடறேன். எல்லாருக்கும் நன்றி.

ரிஃப்ராக்டரி_ஆள்:
ஷெல் எவ்வளவு காட்டுது?

லேப்_மேசை:
ஹாட் மீல் எஸ்ஓ3?

பழைய_பேனல்:
இனி அடுத்த ரிங்குக்குத்தான் வருவார்.