பைக்கை "விளையாட்டுக்கு" எடுத்து ஒளித்து வைத்தால் திருட்டு வழக்கா? (கடலூர்)

மஞ்சைவாசி:
மஞ்சக்குப்பத்தில் வீட்டு வாசலில் சைடு லாக் போடாமல் நின்ற பைக்கை, ராத்திரி நாலு பசங்க இன்னொரு வண்டியால் உதைத்துத் தள்ளிக்கொண்டே போய், முள்ளோடை தாண்டி புதுச்சேரி எல்லைக்குள்ள பாகூர் பக்கம் ஒரு தோப்பில் விட்டிருக்காங்க. டேங்கில் மணல், சாவி ஓட்டையில் ஃபெவிகுவிக். மறுநாள் அவங்களே ரீல்ஸ் போட்டு இடத்தையும் சொல்லிட்டாங்க. மூணு பேருக்கு 19 வயசு, ஒருத்தனுக்கு 17. "சும்மா கலாய்ச்சோம், வண்டிதான் கிடைச்சிடுச்சே"ன்னு பேச்சு. இது வழக்காகுமா? எந்த ஊர் ஸ்டேஷன்?

கருப்புக்கோட்டு:
திருப்பிக் கொடுத்தால் திருட்டு இல்லை என்று எல்லாரும் நினைக்கிறார்கள். 1952-ல் ஜோத்பூர் விமானப்படை பயிற்சி மாணவர்கள் இரண்டு பேர் அனுமதியில்லாமல் ஹார்வர்ட் விமானத்தைக் கிளப்பிக்கொண்டு போய் பாகிஸ்தானில் இறக்கினார்கள். சும்மா ஒரு சுற்று ஓட்டத்தான் எடுத்தோம் என்ற வாதம் உச்ச நீதிமன்றத்தில் எடுபடவில்லை (கே.என். மெஹ்ரா வழக்கு, 1957). கொஞ்ச நேரத்துக்கு எடுத்தாலும் திருட்டுதான். ஆனால் நேர்மையற்ற எண்ணம் இருந்ததா என்று பார்ப்பார்கள். அடுத்த வாசலில் நகர்த்தி வைத்திருந்தால் அந்த எண்ணம் இல்லை என்று வாதாடலாம். மணலையும் பசையையும் போட்ட பிறகு அப்படிப் பேச வாய் வராது.

பி.என்.எஸ். (பழைய ஐ.பி.சி.-க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா) 303(2) திருட்டு: 3 வருஷம் வரை சிறை, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றம். பொருள் 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்து, முதல் தடவையாகவும் இருந்து, திருப்பியும் கொடுத்துவிட்டால் சமூக சேவையோடு போகும். பைக்குக்கு அது பொருந்தாது. எதிர்த்தரப்பு வக்கீல் மோட்டார் வாகனச் சட்டம் 197-க்கு இழுக்கப் பார்ப்பார். அனுமதியில்லாமல் வண்டியை எடுத்ததற்கு 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 வரை அபராதம் அல்லது இரண்டும், அவ்வளவுதான்.

சேதத்துக்கு பி.என்.எஸ். 324. இங்கே தொகைதான் எல்லாம். 20,000 முதல் லட்சத்துக்குள் என்றால் 2 வருஷம் வரை. லட்சம் தொட்டால் 5 வருஷம், போலீஸ் நேரடியாக விசாரிக்கலாம். அதற்குக் கீழே மாஜிஸ்ட்ரேட் உத்தரவு வேண்டும், அதனால்தான் பல இடத்தில் சி.எஸ்.ஆர். ரசீதோடு (எஃப்.ஐ.ஆர். போடாமல் புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் கொடுப்பது) நின்றுவிடுகிறது.

ஸ்டேஷன்: வண்டி வாசலை விட்டு நகர்ந்த அந்த நொடியே திருட்டு முடிந்தது. கடலூரிலேயே புகார் கொடுங்கள்.

ஸ்பேனர் செட்:
வண்டி பி.எஸ். 6-ஆ (கார்புரேட்டர் இல்லாம இன்ஜெக்டர் வச்ச புது மாடல்)? அப்படின்னா பூட்டை உடைச்சு "ஸ்டார்ட் ஆகுதா பாப்போம்"னு யாரும் கை வைக்கக் கூடாது. இக்னிஷன் ஆன் பண்ணின உடனே டேங்குக்குள்ள இருக்கிற ஃபியூவல் பம்ப் ஓட ஆரம்பிச்சிடும். மணல் சல்லடையை அடைக்கும், நுண்ணிய தூள் இன்ஜெக்டர் வரைக்கும் போகும். டேங்கைக் கழட்டிக் கழுவுறதோட முடிய வேண்டிய வேலை பம்ப், இன்ஜெக்டர்னு ஏறிடும். நீங்களே ஓட்டி வந்த சேதத்தை இன்சூரன்ஸும் தள்ளிடும், கோர்ட்டுலயும் அவங்க வக்கீல் உங்க தலையில கட்டுவார்.

மினி டெம்போவில் ஏத்திட்டு வாங்க. பம்ப்பைக் கழட்டும்போது மணலும் நம்பர் பிளேட்டும் ஒரே ஃபிரேமில் வர்ற மாதிரி போட்டோ எடுங்க. ஃபெவிகுவிக்குக்கு அசிட்டோன் விட்டுப் பார்க்கலாம், பிளாஸ்டிக்கில் வழிஞ்சா அதையும் கெடுக்கும். பூட்டுக்குள்ள இருக்கிற லீவர் ஒட்டிப்போச்சுன்னா லாக் செட்டே மாத்தணும். எஸ்டிமேட் துண்டுச்சீட்டு வேண்டாம், ஜி.எஸ்.டி. பில்லா வாங்குங்க. கழட்டின பழைய பார்ட்ஸைத் தூக்கிப் போடாதீங்க.

பெண்ணைக்கரை:
மேலே சொன்னதில் ஒன்று விட்டுப்போச்சு. தமிழ்நாட்டில் 1992-ம் வருஷ சொத்து சேதத் தடுப்புச் சட்டம் இருக்கு. 1994 திருத்தத்துக்குப் பிறகு தனியார் சொத்துக்கும் சேர்த்துத்தான். பிரிவு 3-ல் 100 ரூபாய் சேதமே போதும். குறைந்தது ஒரு வருஷம், அதிகபட்சம் 5 வருஷம். ஆனா அது புதுச்சேரிக்குள்ள செல்லாது! மணலையும் பசையையும் மஞ்சக்குப்பத்திலேயே போட்டாங்களா, தோப்பில் வச்சுப் போட்டாங்களாங்கிறது முக்கியம். அந்த ரீல்ஸில் பின்னால் என்ன தெரியுதுன்னு பாருங்க. அவங்க அழிக்கிறதுக்குள்ள லிங்க், கணக்குப் பேர், தேதியோட இறக்கி வையுங்க. எதிர் வீட்டு சிசிடிவி சில நாளில் தானா மேலெழுதிடும், இன்னைக்கே காப்பி கேளுங்க. புது சாட்சியச் சட்டம் (பாரதிய சாக்ஷ்ய அதினியம்) பிரிவு 63-படி சான்றிதழ் இல்லாத காப்பி கோர்ட்டில் நிக்காது.

17 வயசுப் பையனுக்குத் தனியா என்றால் எஃப்.ஐ.ஆர். போட மாட்டாங்க, பெரியவங்களோட சேர்ந்து செஞ்சதால் போடலாம். அவன் விஷயம் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும், பெற்றோரை அபராதம் கட்டச் சொல்ல அதுக்கு அதிகாரம் உண்டு.

மஞ்சைவாசி:
நன்றி சார். செலவைக் கொடுத்துட்டு சமாதானமாப் போயிடலாம்னு அவங்க வீட்டுல கேக்குறாங்க. எஃப்.ஐ.ஆருக்கு அப்புறம் முடியுமா?

கருப்புக்கோட்டு:
303(2), 324(2) (20,000-க்குக் கீழே சேதம்), 324(4) (20,000 முதல் லட்சத்துக்குள்) மூன்றையும் உரிமையாளரே சமரசம் செய்துகொள்ளலாம். 1992 சட்டப் பிரிவு சேர்ந்துவிட்டால் அது சமரசப் பட்டியலில் இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் பி.என்.எஸ்.எஸ். (புது குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 528-ல் மனுப் போட்டு ரத்து கேட்க வேண்டும். அந்தச் செலவு பூட்டுச் செலவைத் தாண்டும். பேசுவதாக இருந்தால் முன்னாலேயே பேசி, பில் தொகை முழுவதையும் வங்கி வழியாக வாங்கிக்கொண்டு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு புகாரைத் தள்ளிப்போட வேண்டாம்.