மறு: 'கீ நாட் டிடெக்டட்': தமிழில் எப்படிச் சொல்வது?

அனைவருக்கும் வணக்கம். பட்டனை அழுத்திக் கிளப்பும் காரின் கையேட்டைத் தமிழாக்குகிறோம். சாவியை வண்டி உணராதபோது திரையில் வரும் 'கீ நாட் டிடெக்டட்' செய்திக்கும் அதை ஒட்டிய சொற்களுக்கும் பெயர் தேடுகிறோம். 'கீலெஸ் ஸ்டார்ட்' என்பதற்குக் குழுவில் ஒருவர் எழுதியது:

> 'சாவியில்லாத் தொடக்கம்' என்றே வைத்துவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும்தான், ஆனால் தப்பாகப் புரியும். பட்டனை அழுத்திக் கிளப்பும் வண்டியிலும் சாவி உண்டு. துவாரத்தில் நுழைப்பதற்குப் பதில் அது சட்டைப்பையில் இருக்கிறது, அவ்வளவுதான். 'சாவியில்லா' என்பது விற்பவருக்கு இனிக்கும் சொல். நம் கையில் இருப்பதோ கையேட்டின் பழுதறியும் அத்தியாயம். அங்கே போய் "சாவியில்லாத் தொடக்கம் வேலை செய்யாவிட்டால் சாவியைப் பட்டனோடு ஒட்டிப் பிடிக்கவும்" என்று எழுதினால், எந்தச் சாவி என்றுதான் கேட்பார்கள்.

உள்ளே நடப்பதைப் பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம். கதவுக் கைப்பிடியைத் தொட்டாலோ பட்டனை அழுத்தினாலோ, வண்டிக்குள் இருக்கும் ஆன்டெனாக்கள் தாழ்ந்த அலைவரிசையில் ஒரு குரல் கொடுக்கின்றன. பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ். இது ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் போகாது, போகக் கூடாது என்றே அப்படி வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்ட சாவி வேறோர் அலைவரிசையில் பதில் அனுப்புகிறது: இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஓடும் வண்டிகளில் பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸை ஒட்டி. போகும் அலைக்கு 'அழைப்பலை', வரும் அலைக்கு 'பதிலலை' என்று பெயர் வைத்தால் பாதிப் பழுது தானாகப் பிரிந்துவிடும்.

எப்படி என்றால், தூரத்தில் நின்று சாவியில் உள்ள பூட்டு பட்டனை அழுத்தும்போது பதிலலை மட்டும்தான் வேலை செய்கிறது. ஆகவே ரிமோட்டாகப் பூட்டித் திறக்கிறது, உள்ளே உட்கார்ந்தால் மட்டும் சாவியைக் காணோம் என்கிறது என்றால், முதல் சந்தேகம் அழைப்பலை மேல். சாவியும் செல்போனும் ஒரே பையில் ஒட்டிக்கொண்டு இருக்கலாம், பக்கத்தில் கார் சார்ஜரோ லேப்டாப்போ இருக்கலாம், உள் ஆன்டெனா ஒன்று செத்திருக்கலாம். சாவியின் பூட்டு பட்டனும் வேலை செய்யவில்லை என்றால் முதலில் சாவிக்குள் இருக்கும் செல்லை, அதாவது சின்ன வட்ட பேட்டரியை, பாருங்கள். மாற்றுச்சாவியை எடுத்து ஒருமுறை கிளப்பிப் பார்த்தால் கோளாறு சாவியிலா வண்டியிலா என்பதும் தெரிந்துவிடும். பிரேக்கையோ கிளட்சையோ முழுக்க மிதிக்காததால் கிளம்பாதது வேறு கணக்கு. அதை இந்த அத்தியாயத்தில் கலக்க வேண்டாம்.

செல் என்றதும் ஒன்று. குழுவில் 'பொத்தான் மின்கலம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். கடையில் போய் 'செல்' என்றுதான் கேட்கிறோம், அப்படியே இருக்கட்டும். ஆனால் எண்ணைக் கட்டாயம் எழுத வேண்டும், ஏனென்றால் எண்ணே அளவு: சிஆர்2032 என்றால் 20 மில்லிமீட்டர் குறுக்களவு, 3.2 மில்லிமீட்டர் தடிமன். சிஆர்2025 அதே வட்டம், தடிமன் 2.5 தான். இரண்டும் 3 வோல்ட் என்பதால் கடைக்காரர் ஒன்றுக்கு மற்றொன்றைக் கொடுத்துவிடுவார். மெலிந்தது உள்ளே தளர்ந்து உட்கார, சாவி சில நேரம் வேலை செய்யும், சில நேரம் செய்யாது. ஆட்கள் ஆன்டெனாவை மாற்றும் வரை போய்விடுவார்கள்!

சரி, பக்கத்தில் இருந்தாலே வேலை செய்யும் இந்தச் சாவிக்குப் பெயர். யாழ்ப்பாண நண்பர் எழுதியது:

> எங்களுக்குத் திறப்பு என்றால்தான் சாவி. 'அண்மைத்திறப்பு' என்று போடுங்கோ.

அண்ணா, திறப்பு அழகான சொல், 'சாவி' போலப் போர்த்துக்கீசியர் கொடுத்ததும் இல்லை. ஆனால் இங்கே 'திறப்பு' என்றால் ரிப்பன் வெட்டும் விழாதான் நினைவுக்கு வரும். 'அண்மைச்சாவி' என்பதை முதன்மையாகவும், இலங்கைப் பதிப்புக்கு 'அண்மைத்திறப்பு' என்றும் வைக்கலாம் என்பது என் கருத்து. எட்டும் தூரத்தில் வேலை செய்வதால் 'எட்டுச்சாவி' என்பது வேண்டாம், பட்டறையில் எட்டாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து நீட்டுவார்கள்.

அடுத்தது இதைவிடச் சிக்கல். செல் முழுக்கத் தீர்ந்த சாவியையும் பட்டனோடு ஒட்டிப் பிடித்தால் (சில வண்டிகளில் அதற்கென ஒரு குழி இருக்கும்) வண்டி கிளம்பும். சாவிக்குள் செல் தேவைப்படாத சின்ன உறுப்பு ஒன்று இருக்கிறது. வண்டியின் காந்தப்புலத்திலிருந்தே சக்தி எடுத்துத் தன் அடையாளத்தைச் சொல்கிறது. கதவைத் திறக்க, சாவிக்குள்ளேயே ஒளிந்திருக்கும் உலோகச் சாவி. இதெல்லாம் தெரியாமல் இழுவை வண்டிக்குப் பணம் கட்டியவர்கள் நிறைய. செல் தேவைப்படாத அந்த உறுப்புக்கு 'அடையாளச் சில்லு' (சில்லு என்றால் சிப்) என்று முன்மொழிந்திருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் குறையில்லை. இலங்கையில் சில்லு என்றால் சக்கரம்! கார்க் கையேட்டில் 'அடையாளச் சில்லைப் பட்டன் மேல் வைக்கவும்' என்று இருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். 'அடையாள வில்லை' எனலாமா? வருவாய் வில்லை, மருந்து வில்லை எல்லாம் பழகிய சொற்களே.

கடைசியாகத் திரையில் வரும் செய்தி. 'சாவி கண்டறியப்படவில்லை' என்பது இலக்கணப்படி சரி, சின்னத் திரையில் அடங்காது. 'சாவி இல்லை' அடங்கும், ஆனால் பொய். பையில் இருக்கும் சாவியை எடுத்துக் காட்டி வண்டியோடு சண்டை போடுவார்கள். என் வாக்கு 'சாவி எட்டவில்லை' என்பதற்கு. சுருக்கம், பேச்சிலும் உள்ளது, கிட்டே கொண்டுவா என்ற மருந்தும் அதிலேயே இருக்கிறது. உணரும் எல்லையை 'எட்டும் தொலைவு' என்று சொல்லிவிட்டால் இரண்டும் ஒரே குடும்பம். வீட்டுக்குள் மாட்டியிருக்கும் சாவியின் எட்டும் தொலைவை இரண்டு கருவிகளால் நீட்டித்துக் காரை ஓட்டிப்போகும் திருட்டுக்கும் 'அலைநீட்டித் திருட்டு' என்ற பெயர் அதே வழியில் கிடைக்கிறது. 2011இல் சூரிச் ஆய்வாளர்கள் 8 நிறுவனங்களின் 10 மாடல்களில் இதைச் செய்து காட்டினார்கள். மூடிய உலோகப் பெட்டியில் சாவியைப் போட்டு வைக்கச் சொல்வது இதனால்தான். ஒரு சின்ன எச்சரிக்கைக் கட்டமாக அதைச் சேர்க்கலாம்.

சரியான சாவி இல்லாமல் வண்டியைக் கிளம்பவிடாத 'இம்மொபிலைசர்' என்பதற்கு வந்த 'இயக்கத் தடுப்பி' எனக்குச் சம்மதம். 'எட்டவில்லை' பற்றி மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள். குறிப்பாக மலேசிய, சிங்கப்பூர் நண்பர்கள் அங்கே பட்டறையில் எப்படிச் சொல்கிறார்கள் என்று சொன்னால் அட்டவணையில் இன்னொரு பத்தி சேர்க்கிறேன்.