மின்சாரமே இல்லாத தீவில் 50 ஹெர்ட்ஸ் எங்கிருந்து வந்தது?

ரீல்ராசு: "களத்தில் பதிந்த நாடாவின் வேகம் பிசகியிருந்தால், கரண்டு கம்பியிலிருந்து பதிவில் ஏறும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை வைத்துத் திருத்திவிடலாம்" என்று பக்கத்து இழையில் ஒருவர் அடித்துவிட்டிருக்கிறார். பேச்சு சாலமன் தீவுகளின் ரெனெல்–பெல்லோனா மொழி ஒலிப்பதிவுகளைப் பற்றி. 1960களில் களத்துக்குப் போனது ஊஹர் மாதிரி பேட்டரி ரெக்கார்டர், ஐந்து பெரிய டார்ச் செல். கரண்டு கம்பியே இல்லாத தீவில் 50 ஹெர்ட்ஸ் எங்கிருந்து வரும்? தென்னை மரத்திலிருந்தா?

ஸ்பெக்ட்ரம்செல்வி: எழுதியது நான்தான். கோப்பின் அலைவரிசைப் படத்தில் 40 முதல் 60 ஹெர்ட்ஸ் வரை பெரிதாக்கிப் பாருங்கள், இரைச்சல் ஒரு கோடாகத் தெரியும். 51.5இல் நின்றால் வேகம் 3 சதவீதம் கூடுதல். இழுத்து 50க்குக் கொண்டுவாருங்கள், முடிந்தது.

ரீல்ராசு: அது பிற்பாடு ஊரில் நகலெடுத்தபோது ஏறிய கோடு. நகலெடுத்த மெஷினின் வேகத்தைத்தான் சொல்லும், களத்தில் ஓடியதை அல்ல. செல் இறங்க இறங்கப் பதிவு மோட்டார் மந்தமாகும். அந்த நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டினால் தொடக்கம் ஒழுங்காக இருக்கும், போகப்போகக் குரல் கீச்சிடும். 6 சதவீதம் என்றால் அரைச் சுரம். அசையாமல் நிற்கிற உங்கள் கோடு இதை எப்படிக் காட்டும்? மறுபடி கேட்கிறேன்: 50 ஹெர்ட்ஸ் எங்கிருந்து?

குறில்நெடில்: வேகம் மாறினால் குறிலும் நெடிலும் ஒரே விகிதத்தில்தான் சுருங்கும். மொழியியலாளர் எல்பர்ட் அந்த மொழிக்குப் போட்ட 1975 அகராதியிலேயே நெடிலுக்கு உயிரெழுத்தை இரட்டித்துப் போட்டுவிட்டார். உண்மையான கேடு நாய்ஸ் கேட், அதாவது ஒலி தணிந்த இடங்களை முழு மௌனமாக்கும் வடிகட்டி. அந்த மொழியில் குரல்வளை அடைப்பொலி ஒரு மெய், கண நேர மௌனம். சுற்றிலும் மௌனமாக்கினால் எது மெய், எது வெட்டு?

ரீல்ராசு: ஒரே சொல்லுக்குள் விகிதம் சரி. நாடாவின் தலையில் இருக்கும் சொல்லையும் வாலில் இருக்கும் சொல்லையும் அளந்து ஒப்பிட்டால் போச்சு.

ஸ்பெக்ட்ரம்செல்வி: அடைப்பொலி மௌனமாம்! வேகப் பேச்சில் பெரும்பாலும் கரகரப்பாகத்தான் வரும். அகராதியை மட்டும் படித்தால் இப்படித்தான். வேகத்துக்கு 50 வேண்டாமென்றால் பயாஸ் அலையை, பதியும்போது ரெக்கார்டரே நாடாவில் சேர்க்கும் காதுக்கெட்டாத அலையை, பிடியுங்கள்.

ரீல்ராசு: பயாஸ் பொதுவாக 50 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே. காப்பகக் கோப்பு 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். அதில் பாதி, 48க்கு மேல் அதில் ஒன்றுமே இருக்காது. கணக்குப் போட்டுவிட்டு வாருங்கள்.

ஸ்பெக்ட்ரம்செல்வி: மிஷன் பள்ளியில் ஜெனரேட்டர் இருந்திருக்கலாமே? அது சரி, அசிடேட் நாடாவை அடுப்பில் வைக்கச் சொன்னவர்தானே நீங்கள்!

குறில்நெடில்: நாய்ஸ் கேட்டுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

ரீல்ராசு: பிசுபிசுக்கும் பாலியெஸ்டர் நாடாவை, மறுபடி ஓட்டுவதற்காக, 50 டிகிரி சூட்டில், 8 மணி நேரம் என்றுதான் எழுதினேன். அசிடேட்டைச் சுடக்கூடாது என்று அடுத்த வரியிலேயே இருக்கிறது. சின்ன ஜெனரேட்டர் 50இல் நிலையாக நிற்காது. அது ஓடியிருந்தால் டார்ச் செல் எதற்கு அம்மா?