கிரெஸ்டட் கெக்கோவுக்கு செடி வச்ச டேங்க், தருமபுரி வெயில்ல சரிப்படுமா?

பென்னாகரம்ரோடு:
வணக்கம் எல்லாருக்கும். பெங்களூர்ல இருக்கற என் அத்தை பையன் வெளிநாடு போறான்னு அவன் வளத்த கிரெஸ்டட் கெக்கோவ என்கிட்ட குடுத்துட்டான், ரெண்டு வயசு பெண் பல்லி. இப்ப டிஷ்யூ விரிச்ச பிளாஸ்டிக் டப்பாலதான் இருக்கு, பாக்கவே மனசு கேக்கல. 45க்கு 45, உயரம் 60 சென்டிமீட்டர்ல கண்ணாடி டேங்க் செஞ்சு வாங்கிட்டேன், முன்னாடி கதவு, மேல வலை. போன மாசம் தொட்டி மண்ண அப்படியே கொட்டி மணி பிளான்ட் நட்டு தினம் ரெண்டு வேளை போர் தண்ணி ஸ்பிரே அடிச்சேன், பத்தே நாள்ல சாக்கடை நாத்தம், வேரெல்லாம் அழுகிப்போச்சு, கண்ணாடி பூரா வெள்ளையா உப்பு. நல்லவேளை பல்லிய உள்ள விடல. எங்க தப்பு பண்ணேன்? ரூம் மொட்டை மாடிக்கு நேர் கீழ, ஏப்ரல் வந்தா தாங்குமா?

ஓசூர்தோட்டம்:
தம்பி, தண்ணி வடிய இடமே இல்லாம நட்டிருக்கீங்க, அதான் அழுகிருக்கு. அடில ரெண்டு இன்ச் உடைச்ச செங்கல் சல்லி போடுங்க, மேல நைலான் கொசுவலை, அதுக்கு மேல மண். மண்ணுன்னா தோட்டத்து மண் மட்டும் போட்டா இறுகிடும், கோகோபீட் (தேங்கா நார்த் தூள்) பாதிக்கு மேல, மீதி உரம் போடாத செம்மண்ணும் கழுவின மணலும், கொஞ்சம் அடுப்புக்கரி. கோகோபீட்ட ரெண்டு மூணு தடவை அலசிடுங்க, உப்பு இருக்கும். செடிக்கு ஸ்நேக் பிளான்ட், ஸ்பைடர் பிளான்ட் நல்லது, மணி பிளான்ட்டும் ஓகேதான். ஆனா நர்சரில வாங்கின அன்னிக்கே உள்ள வைக்காதீங்க, எங்க பக்கம் பூச்சிமருந்து அடிக்காத நர்சரிய பாக்கறதே அபூர்வம். தொட்டி மண்ண உதறி, இலையெல்லாம் கழுவி ஒரு மாசம் தனியா வச்சிருங்க. பூந்தொட்டிக்கு அடில வெள்ளையா பொடிசா குதிக்குமே ஸ்பிரிங்டெயில், அத விட்டா பூஞ்சைய அதுவே தின்னுக்கும்.

காவேரிப்பட்டணத்தான்:
செடிய விடுங்க ப்ரோ, எனக்கு பயமே அந்த மாடி ரூம்தான். இது நியூ கலிடோனியா தீவுக் காட்டுப் பல்லி, அழிஞ்சே போச்சுன்னு நெனச்சு 1994ல திரும்ப கண்டுபிடிச்சாங்க. 22லிருந்து 26 டிகிரி வரைதான் அதுக்கு சுகம், 28க்கு மேல தொடர்ந்து இருந்தா உயிருக்கே ஆபத்து, நமக்கு ஏப்ரல்ல வெளிய 38, 39 போகுது. டேங்க கீழ் வீட்டு உள் ரூமுக்கு கொண்டு போயிடுங்க, வெயிலே படக்கூடாது, செடிக்கு எல்ஈடி லைட் போதும், சூடாகற பல்பு எதுவும் வேண்டாம். ஏசி இருந்தா நிம்மதி, இல்லாட்டி மத்தியானம் ஐஸ் பாட்டில துணில சுத்தி மேல வலைல வைங்க. நான் ரெண்டு கோடை இப்படித்தான் தள்ளினேன், தெர்மாமீட்டர பாத்துக்கிட்டே தூக்கமில்லாம. இன்னொண்ணு, பயந்தா வாலக் கழட்டிடும், இதுக்கு வால் திரும்ப முளைக்காது, அதனால புது டேங்க்குக்கு மாத்தும்போது பிடிச்சு இழுக்காம கையில தானா ஏற விடுங்க.

பாலக்கோடு:
உப்புக்கு காரணம் தண்ணிதாங்க. நம்ம மாவட்டத்து போர் தண்ணில உப்பும் ஃப்ளோரைடும் ஜாஸ்தி, அதுக்குத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்துச்சு. ஆர்ஓ இல்ல மழைத்தண்ணி அடிங்க, இது கண்ணாடில நிக்கற சொட்ட நக்கித்தான் குடிக்கும். ராத்திரி முழிக்கற ஜீவன், அதனால சாயங்காலம் நல்லா ஒரு தடவை, காலைல லேசா, நடுவுல காயணும். எந்நேரமும் ஈரமா வச்சா தோல் உரியறதுக்கு நல்லதுன்னு சிலர் சொல்லுவாங்க, கேக்காதீங்க, பூஞ்சைதான் வரும்.

பர்கூர்பையன்:
அண்ணா எங்க மாந்தோப்புல பச்சோந்தி நெறைய இருக்கு, அத பிடிச்சு இதே மாதிரி டேங்க்ல வளக்கலாமா?

பாலக்கோடு:
வேண்டாம் தம்பி. பச்சோந்தி, உடும்பு, நட்சத்திர ஆமை எல்லாம் 1972 வன உயிரினச் சட்டத்துல பாதுகாக்கப்பட்டது, பிடிச்சா கேஸ். தோப்புலயே இருக்கட்டும், போய் பாத்துட்டு வா. மாம்பழம் நெறைய இருந்தா இந்த அண்ணன் பல்லிக்கு ஒரு துளி கூழ் குடுத்து விடு, எப்பவாவது குடுக்கலாம், தினசரிக்கு பவுடர் தீவனம்தான்.

பென்னாகரம்ரோடு:
ரொம்ப நன்றிங்க, இன்னிக்கே டேங்க கீழ இறக்கிட்டேன், தெர்மாமீட்டர் 25 காட்டுது. கரி எவ்ளோ போடணும்?

ஓசூர்தோட்டம்:
மண் பத்து பங்குன்னா கரி ஒரு பங்கு. தூளா வேண்டாம், கடலை சைஸ்ல நொறுக்கிக்கோங்க.