ரெக்கார்டு கேக்க ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையர் வாங்கி பட்ட பாடு: தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆளுங்க உங்க கதையையும் சொல்லுங்க

நாலுரோடு (தர்மபுரி)

எங்க பெரியப்பா காலத்து எல்.பி. தட்டு ஒரு அம்பது, பரண் மேல தக்காளி கிரேட்டுல கெடந்துதுங்க. 2020 லாக்டவுன்ல வேற வேலை இல்லாம கீழ எறக்கி தொடச்சேன், அங்க புடிச்சுது இந்த பைத்தியம். எச்.எம்.வி., இன்ரெகோ, எக்கோன்னு லேபிள் எல்லாம் பளிச்சுனு இருக்கு, போட்டு கேக்கத்தான் ஒண்ணும் இல்ல. ஆன்லைன்ல பெல்ட் டைப் பிளேயர் ஒண்ணு வாங்கிட்டேன், ஸ்பீக்கருக்கு டிவிக்கு மாட்டியிருந்த 2.1 செட்டு (ரெண்டு சின்ன ஸ்பீக்கர், கனத்த சத்தத்துக்கு ஒரு சப்-ஊஃபர்) இருக்குதே அது போதும்னு நெனச்சு ஏயுஎக்ஸ்ல (வெளி சாமான் சொருகற ஓட்டை) சொருகி தட்ட போட்டா கொசு கத்துற மாதிரி சத்தம் வருது. வால்யூம் முழுசா திருப்பினாலும் அதே கொசுதான், கூட ஒரு "ம்ம்ம்ம்"னு இரைச்சல்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டிவி மெக்கானிக் கடைக்கு தூக்கிட்டு போனேன். அவரு பாத்துட்டு "தம்பி ஆம்ப்ளிஃபையர் வீக்கு, 1000 வாட்ஸ் போட்டா பிச்சிக்கும்"னு சொல்லி அவரே அசெம்பிள் பண்ண ஒண்ண 4500 ரூபாய்க்கு தலையில கட்டிட்டாரு. வீட்டுக்கு வந்து மாட்டினா கொசு போயி வண்டு ஆச்சு, அவ்ளோதான். கடுப்புல ஒரு நாள் மூடிய கழட்டி பாத்தேன், டிரான்ஸ்ஃபார்மர்ல 12-0-12, 5 ஆம்பியர்னு எழுதியிருக்கு. இருபத்திநாலு இன்ட்டு அஞ்சு 120. செவுத்து பிளக்குல இருந்து அது இழுக்கிறதே 120 வாட்டு, அதுலயும் நல்ல பங்கு சூடாத்தான் போவும், ஸ்பீக்கருக்கு 1000 எங்க இருந்து வரும்? வாட்ஸுன்னு யாராவது சொன்னா ஆர்.எம்.எஸ். (விடாம குடுக்கற நெஜ வாட்டு) எவ்ளோன்னு கேளுங்க, பி.எம்.பி.ஓ.ன்னு (விளம்பரத்துக்கு ஊதி விட்ட நம்பரு) சொன்னா நடைய கட்டுங்க.

அப்புறம் ஒரு மாசம் கழிச்சு பிளேயர் பின்னாடி தூசி தட்டும்போதுதான் பாக்கறேன், தம்மாத்தூண்டு ஒரு சுவிட்சு, ஒரு பக்கம் ஃபோனோ, இன்னொரு பக்கம் லைன். அது ஃபோனோவுல இருந்துது. நகத்தால லைன் பக்கம் தள்ளினேங்க... எங்க அம்மா அடுப்படியில இருந்து ஓடி வந்துட்டாங்க.

காரணம் என்னன்னா, முள்ளு மாட்டுற கார்ட்ரிட்ஜ்ல இருந்து வர்றது மூணு நாலு மில்லிவோல்ட்தான், ஏயுஎக்ஸ் எதிர்பாக்கறது அதுக்கு நூறு மடங்குக்கும் மேல. அதோட தட்டு வெட்டும்போதே பேஸ (கனத்த சத்தம்) கொறச்சு ட்ரெபிள (கீச்சு சத்தம்) ஏத்தித்தான் வெட்டுவாங்க, இல்லன்னா பேஸுக்கு கோடு அகலமா அலைஞ்சு ஒரு பக்கத்துல இருபது நிமிஷ பாட்டு அடங்காது. அதை திருப்பி சரி பண்ற சர்க்யூட்டுதான் ஃபோனோ ஸ்டேஜ், 1954ல இருந்து அதுக்கு ஆர்.ஐ.ஏ.ஏ.ன்னு ஒரே அளவு. சுவிட்ச லைன்ல போட்டா பிளேயர் உள்ளயே இருக்கற அந்த சர்க்யூட்டு வேல செய்யும், ஃபோனோவுல போட்டா செய்யாது. அது நடுவுல இல்லன்னா லட்ச ரூபா ஸ்பீக்கர் மாட்டினாலும் கொசுதான் கத்தும்.

சரி அது முடிஞ்சுதா, அடுத்தது 2.1ஓட அந்த சப்-ஊஃபர். ஒரு தட்டு வெயில்ல லேசா வளைஞ்சது, அது சுத்தும்போது ஊஃபர் பேப்பரு சத்தமே இல்லாம உள்ள போவுது வெளிய வருது, ஓடி வந்த நாய் மூச்சு வாங்குதே அப்படி. காதுக்கு கேக்காத அந்த ஆட்டத்தையும் ஃபோனோ ஸ்டேஜ் ஏத்தி விடுது, ஊஃபர் அதுலயே தெம்பு போயி பாட்டுக்கு பேஸ் கேட்டா "டொம்"னு ஒரே சத்தம். தவில் கச்சேரி தட்டு ஒண்ணு வெச்சிருக்கேன், அதுல வலந்தலையில (வலது பக்கம்) விரல் கூடு படுற "டக்"கும் தொப்பியில (இடது பக்கம்) குச்சி விழற "தொம்"மும் தனித்தனியா வரணும், என் 2.1ல ரெண்டும் கொழஞ்சு களி மாதிரி வந்துது.

ஸ்பீக்கர மாத்தறதுன்னு முடிவு பண்ணி எலக்ட்ரானிக்ஸ் கடைங்க நெறஞ்ச பெங்களூர் எஸ்.பி. ரோடு போனேன், பழைய மரப்பொட்டி ஸ்பீக்கர் ஜோடி 3500க்கு கெடச்சுது. ரெண்டையும் மடியில ஒண்ணு காலுக்கடியில ஒண்ணுன்னு பஸ்ல வெச்சு ஓசூர் கிருஷ்ணகிரி வழியா கொண்டு வந்தேன், கண்டக்டரு லக்கேஜ் போட்டுட்டாரு, பரவால்ல. அந்த 4500 ரூபா ஆம்ப்ளிஃபையர்தான் இன்னைக்கும் ஓடுது, திட்டினேனே தவிர 30, 40 வாட்டுக்கு அது நல்லாத்தான் பாடுது. நீங்க என்ன வெச்சிருக்கீங்க?

மூணாவது ஷிப்ட் (ஓசூர்)

அண்ணா அந்த சுவிட்சு கதை எனக்கு தலைகீழா நடந்துச்சு. பழைய ஆம்ப் ஒண்ணுல ஃபோனோன்னே தனி ஓட்டை இருந்துது, நான் பிளேயர்ல லைன் போட்டு அதுல சொருகிட்டேன், ரெண்டு தடவ ஏத்தி கரகரன்னு தொண்டை கட்டின மாதிரி கத்துச்சு. ரெண்டுல ஒண்ணுதான் இருக்கணும்.

அது போச்சு. இப்ப சிப்காட் பக்கம் பத்துக்கு பத்து ரூம்ல இருக்கேன், தனி ஆம்ப் வெக்க எடமே இல்ல, அதனால ஆம்ப் உள்ளயே இருக்கற ஆக்டிவ் ஸ்பீக்கர், எடிஃபையர் ஆர்1280டி. ரெண்டும் சேத்து 42 வாட்டு ஆர்.எம்.எஸ்., ஊஃபர் நாலு இஞ்சு. இந்த ரூமுக்கு பாதி வால்யூமே அதிகம், கீழ் வீட்டு அக்கா ஏற்கனவே ரெண்டு தடவ கதவ தட்டியாச்சு. பிளேயர் ஆடியோ டெக்னிகா எல்.பி.60எக்ஸ், அதுல ஃபோனோ ஸ்டேஜ் உள்ளயே இருக்கு, நேரா வயர் சொருகி கேக்கலாம்.

ஆனா ஒண்ணு, ஒரே மேஜையில நடுவுல பிளேயர், ரெண்டு பக்கம் ஸ்பீக்கர்னு அழகா வெச்சு ஃபோட்டோ எல்லாம் எடுத்தேன். வால்யூம கொஞ்சம் ஏத்தினதும் "ஊஊஊ"ன்னு ஊள, கல்யாண மண்டபத்துல மைக்க ஸ்பீக்கர் பக்கம் காட்டின மாதிரி. மேஜை அதிருது, முள்ளு அதையும் பாட்டுன்னு நெனச்சு எடுத்து ஸ்பீக்கருக்கு அனுப்புது, ஸ்பீக்கர் இன்னும் அதிருது. பிளேயர தனி ஸ்டூல்ல தூக்கி வெச்சேன், போச்சு. கரண்டு போயி இன்வெர்ட்டர்ல ஓடும்போது மட்டும் ஒரு "ஜ்ஜ்ஜ்" வருது, நம்ம வீட்டு இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ், கரண்டு சீரான அலையா வராது, அதுக்கு மருந்து இல்ல. கரண்டு வர்ற வரைக்கும் டீ குடிக்கறதுதான்.

கருங்கல் (கிருஷ்ணகிரி)

ஸ்டூல் எதுக்கு தம்பி, நம்மூர்ல கெடைக்காத பொருளா அது. நான் கிரானைட் பாலிஷ் யூனிட்ல வேல பாக்கறேன், ஓரத்துல வெட்டி போடுற துண்டு ஒண்ண, ஒன்றரை அடிக்கு ஒண்ணேகால் அடி, ரெண்டு சென்டிமீட்டர் கனம், மேஸ்திரிகிட்ட கேட்டு வாங்கிட்டு வந்தேன், எட்டு கிலோவுக்கு மேல இருக்கும். அத மேஜையில அப்படியே வெச்சு மேல பிளேயர வெச்சா வேலைக்கு ஆவல, கல்ல விரல் மொட்டியால தட்டி பாருங்க, கிண்ணுனு மணி மாதிரி பேசும், அந்த கிண்ணு பாட்டுலயும் வந்துது. அப்புறம் பழைய சைக்கிள் டியூப நாலு துண்டா மடிச்சு நாலு மூலைக்கும் அடியில குடுத்தேன். இப்ப பிளேயர் ஓடும்போது மேஜைய குத்தினாலும் முள்ளு அசையாது. செலவு டீ வாங்கி குடுத்தது மட்டும்.

ஆம்ப்ளிஃபையரு நான் பெருசா ஒண்ணும் வாங்கல, டிபிஏ3116 சிப்பு போட்ட சின்ன போர்டு, உள்ளங்கை அளவுதான், பழைய லேப்டாப் சார்ஜர் 19 வோல்ட்டுல ஓட்டறேன். அதுக்கு முன்னாடி தனியா பெரிஞ்சர் பிபி400ன்னு குட்டி ஃபோனோ டப்பா.

இத பாத்துட்டு என் மச்சான் "இந்த சோப்பு டப்பாவா பாடப்போவுது"ன்னு சிரிச்சான். அவன் 84 டெசிபல் ஸ்பீக்கர் வாங்கி வெச்சிருக்கான், என்னுது 90. ஸ்பீக்கர் பின்னாடி ஒட்டியிருக்கற சீட்டுல சென்சிட்டிவிட்டின்னு (ஒரு வாட்டுக்கு எவ்ளோ சத்தம்னு) போட்டிருப்பாங்க பாருங்க, யாரும் அத பாக்கறதே இல்ல. மூணு டெசிபல் ஏற ஆம்ப் ரெண்டு மடங்கு தள்ளணும், அப்ப ஆறுக்கு நாலு மடங்கு. என் 20 வாட்டுக்கு வர்ற சத்தம் அவனுக்கு வர 80 வாட்டு வேணும். சின்ன ஆம்ப் வாங்கறவங்க மொதல்ல இத பாருங்க.

நாலுரோடு (தர்மபுரி)

கருங்கல் அண்ணா, அந்த மாதிரி துண்டு ஒண்ணு எனக்கும் எடுத்து வைங்க, ஞாயித்துக்கிழமை வண்டியில வர்றேன். இவ்ளோ நாளா போன் புக்கு அடுக்கி அது மேல பிளேயர் வெச்சிருக்கேன், வெக்கமா இருக்கு.

பழைய மைக்செட் (பென்னாகரம்)

எங்கப்பா 1970கள்ல இருந்து மைக் செட் வெச்சிருந்தவருங்க. கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் பண்டிகை, கூத்து எல்லாத்துக்கும் எங்க கொழாய் ஸ்பீக்கர்தான், தென்னமரத்து மேல கட்டினா மூணு ஊருக்கு கேக்கும். அதனால பெரிய சத்தம்னா நல்ல சத்தம்னு எங்க ஏரியாவுல ஒரு நெனப்பு, எனக்கும் இருந்துது.

அப்பாவோட அஹூஜா ஆம்ப்ளிஃபையர் சும்மாத்தான கெடக்குதுன்னு வீட்டு ஸ்பீக்கர் ஜோடிய அதுல குடுத்தேன். பின்னாடி வரிசையா டெர்மினல் இருக்கும், 4, 8, 16 ஓம், அப்புறம் 70 வோல்ட், 100 வோல்ட். கடைசி ரெண்டும் தூரமா வயர் இழுத்து கொழாய் கட்டறதுக்கு, ஒவ்வொரு கொழாயிலயும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருந்தாத்தான் அதுல குடுக்கணும். நான் 100ல குடுத்தேன். பெரிய நம்பர் நல்லதுன்னு நெனச்சேன். அரை நிமிஷம் பாடுச்சு, அப்புறம் கட்டக்குன்னு ஒரு சத்தம், வலை துணி வழியா பொகை, அரக்கு கருகுற வாசனை ரெண்டு நாளு வீட்ட விட்டு போவல. அப்பா ஒண்ணும் திட்டல, "கொழாய்ல கேட்டு வளந்தவன்தானே நீ"ன்னு மட்டும் சொன்னாரு, அது திட்டினத விட மோசம்.

இன்னொண்ணு, நீங்க எல்லாரும் ஸ்பீக்கர் ஸ்பீக்கருங்கறீங்க, முள்ள யாரும் பேசல. அப்பாவோட பழைய பிளேயர்ல கார்ட்ரிட்ஜ்ல ஒரு குட்டி நெம்புகோல் இருக்கும், திருப்பினா ஒரு பக்கம் 78 முள்ளு (நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்தற பழைய அரக்கு தட்டுக்கு), மறுபக்கம் எல்.பி. முள்ளு. அரக்கு தட்டோட கோடு அகலம், எல்.பி. முள்ள அதுல விட்டா அடியில போயி உரசிக்கிட்டு சரசரன்னுதான் கேக்கும், முள்ளும் நாசம். அது செராமிக் கார்ட்ரிட்ஜ், சத்தம் நெறைய குடுக்கும், ஃபோனோ ஸ்டேஜே வேணாம், அந்த காலத்து எச்.எம்.வி. ஃபியஸ்டா மாதிரி பொட்டி பிளேயருங்க அதான் நேரா பாடிச்சு. ஆனா அது தட்டு மேல அழுத்தற எடை அஞ்சாறு கிராம், இப்ப வர்ற சாதா மேக்னெட் கார்ட்ரிட்ஜ் ரெண்டு மூணு கிராம்தான். நல்ல தட்ட அதுல போட எனக்கு மனசு வராது. புது முள்ளும் 500 மணி நேரம் தாண்டினா மாத்திருங்க, தேஞ்ச முள்ளோட "ஸ்ஸ்ஸ்"ஸ கேட்டுட்டு ட்வீட்டர் (கீச்சு சத்தத்துக்கான குட்டி ஸ்பீக்கர்) போச்சுன்னு ஸ்பீக்கர மாத்தினவன எனக்கு தெரியும்.

அரூர் பஸ்

என் கதை சின்னது. அமெரிக்காவுல இருக்கற சித்தப்பா பையன் பெட்டியில வெச்சு பழைய பிளேயர் ஒண்ணு கொண்டு வந்து குடுத்தான். 110 வோல்ட்டு, அதுக்கு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி மாட்டினேன். தட்டு சுத்துது, ஆனா பாட்டி பாடற பாட்ட தாத்தா பாடறாரு. தூக்கத்துல பாடற மாதிரி இழுவ. ஸ்பீக்கரு, ஆம்ப்ளிஃபையரு, வயரு எல்லாம் மாத்தி மாத்தி பாத்து மூணு வாரம் போச்சு. அப்புறம்தான் தெரிஞ்சுது, அந்த மோட்டரு அவங்க ஊரு 60 ஹெர்ட்ஸுக்கு சுத்தறது, நம்மளுது 50, டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டத்தான் மாத்தும். நிமிஷத்துக்கு 33 சுத்தறதுக்கு பதிலா 28 கூட வரல. 45 வேகத்துல வெச்சு விரலால புடிச்சு பாத்தேன், சிரிக்காதீங்க.

காவேரிப்பட்டணம்

நான் புதுசு, இன்னும் ஒண்ணும் வாங்கல. பிளேயர் மாமா குடுத்துட்டாரு, அதுல ஃபோனோ ஸ்டேஜ் கெடையாது. கையில 10,000 இருக்கு. எதுல போடட்டும்?

நாலுரோடு (தர்மபுரி)

என் கணக்கு சொல்றேன், மத்தவங்க அடிக்க வராதீங்க. மொதல்ல ஃபோனோ டப்பா, அது ரெண்டு மூணாயிரத்துல முடிச்சிருங்க. கருங்கல் அண்ணா மாதிரி குட்டி போர்டு ஆம்ப், சார்ஜரோட சேத்து ரெண்டுக்குள்ள. மிச்சம் மொத்தமும் ஸ்பீக்கருக்கு, பழசானாலும் மரப்பொட்டி, ரெண்டு வழி (ஊஃபரும் ட்வீட்டரும் தனித்தனியா), சப்-ஊஃபர் வேணவே வேணாம். பழசு வாங்கும்போது ஊஃபர் ஓரத்துல ஸ்பாஞ்சு மாதிரி வளையம் இருக்கான்னு பாருங்க, விரலால மெதுவா தொட்டா மாவா உதிர்ந்தா விட்டுருங்க, ரப்பர் வளையம்னா நம்பி எடுக்கலாம். பிளேயர்ல இருந்து ஒரு ஒல்லி வயரு தனியா தொங்கும், எர்த்து, அத ஃபோனோ டப்பா பின்னாடி இருக்கற ஸ்க்ரூவுல முறுக்கிருங்க. எனக்கு ஒரு மாசம் "ம்ம்ம்"னு கேட்டுச்சே, அதுல பாதி இதுதான், வேஸ்ட் வயருன்னு நெனச்சு டேப்பு சுத்தி மடக்கி வெச்சிருந்தேன்.

எஸ்.பி. ரோடுக்கு வர்றதுன்னா சொல்லுங்க நானும் வர்றேன், ஆனா ஞாயித்துக்கிழமை வேணாம், மொத தடவ நான் போனப்ப முக்காவாசி கடை ஷட்டர் எறக்கி கெடந்துது. கடைக்காரரு எப்பவும் அவரோட பாட்டத்தான் போடுவாரு, எல்லா ஸ்பீக்கரும் அதுக்கு நல்லா பாடும். நீங்க ஃபோன்ல ஒரு தவில் தனி ஆவர்த்தனம் ஏத்திக்கிட்டு வாங்க, வால்யூம கம்மியா வெச்சு போட சொல்லுங்க. குச்சியும் விரலும் பிரிஞ்சு கேட்டா வெல பேச ஆரம்பிக்கலாம்.