வெந்நீர் அளவுக்கு மேல் கொதிக்கிறது, அவசர உதவி தேவை

செந்தில்_வேல்ஸ்:
வணக்கம். வெந்நீர்க் குழாயைத் திறந்தால் ஆவியோடு தண்ணீர் வருகிறது, கை வைக்க முடியவில்லை. நேற்று இரவு மாடியில் டம் டம் என்று சத்தம் வேறு. வீட்டில் 2 வயதுக் குழந்தை இருக்கிறாள். இதில் சூட்டைக் குறைக்கும் தெர்மோஸ்டாட் எங்கே இருக்கும்? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

கோவை_பம்ப்காரன்:
கீசர் எத்தனை லிட்டர்? வாங்கி எத்தனை வருடம் ஆகிறது? தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டால் இப்படித்தான் கொதிக்கும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கீழ்மூடியைக் கழற்றினால் சின்னத் திருகு ஒன்று தெரியும்.

லெஸ்டர்_லதா:
பெயரில் வேல்ஸ் என்று இருக்கிறதே, பிரிட்டனில் இருக்கிறீர்களா? கேஸ் பாய்லரா, ஆயிலா? தண்ணீரைச் சேமிக்காமல் அப்போதைக்கப்போது சூடாக்கும் காம்பி பாய்லரா, வெந்நீரைச் சேமிக்கும் தனி சிலிண்டர் உண்டா? வாடகை வீடா? இதையெல்லாம் சொல்லாமல் யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

அறிவரசு_67:
இந்தத் தளத்தில் நான் பலமுறை எழுதியிருக்கிறேன். கேள்வி கேட்பவர் முதலில் கருவி என்ன, எரிபொருள் என்ன, இணைப்பு எப்படி என்ற மூன்றையும் எழுத வேண்டும். "சீக்கிரம் சொல்லுங்கள்" என்று மட்டும் எழுதினால் மற்றவர்களின் நேரம்தான் வீணாகும். அடிப்படை இயற்பியல் தெரிந்தவர்களுக்கு இது பெரிய விஷயமே இல்லை.

செந்தில்_வேல்ஸ்:
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். கீசர் கிடையாது. வேல்ஸில், அபெரிஸ்ட்வித்துக்கு வெளியே ஒரு பழைய பண்ணை வீடு, வாடகைக்கு எடுத்திருக்கிறோம். மனைவிக்கு இங்கே மருத்துவமனையில் வேலை. சமையலறையில் பெரிய இரும்பு ரேஞ்ச் குக்கர் இருக்கிறது, விறகும் நிலக்கரியும் போட்டு எரிப்பது. சமையலும் அதில்தான், வெந்நீரும் அதிலிருந்துதான். குளிர் தொடங்கியதிலிருந்து இரவும் பகலும் எரிகிறது. அதில் தெர்மோஸ்டாட் எதையும் காணவில்லை.

லெஸ்டர்_லதா:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! கேஸ் வேலை மட்டும் தெரிந்தவர்களிடம் கேட்காதீர்கள், விறகு, கரி போன்ற திட எரிபொருளுக்கு ஹீட்டாஸ் (HETAS) என்ற அமைப்பில் பதிவு உள்ளவர்தான் வேண்டும். வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டீர்களா?

அறிவரசு_67:
காரணம் சுண்ணாம்பு. பிரிட்டனில் கடின நீர். பாய்லருக்குள் சுண்ணாம்பு படிந்தால் தண்ணீர் அங்கங்கே கொதித்து இப்படிச் சத்தம் போடும். சிட்ரிக் அமிலம் ஊற்றிக் கழுவினால் போதும்.

வடமராட்சியான்:
நான் இன்வெர்னஸ் பக்கம் இந்த அடுப்புகளைத்தான் பூட்டுறனான், பழுதும் பார்க்கிறனான். தம்பி செந்தில், காரணத்தைப் பிறகு கதைக்கலாம். இப்போதே செய்ய வேண்டியது இது.

சாம்பல் கதவில் இருக்கும் காற்றுச் சக்கரத்தை இறுக்கி மூடுங்கோ. புதிதாக விறகோ கரியோ போடாதீர்கள். புகைபோக்கித் தகட்டை முழுக்க மூட வேண்டாம், கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பும். நெருப்பில் தண்ணீர் ஊற்றவே கூடாது, வார்ப்பிரும்பு வெடித்துவிடும். குளியல் தொட்டிக்குள் வெந்நீர்க் குழாயை நன்றாகத் திறந்து விடுங்கோ. சூடான நீர் வெளியேற, சிலிண்டருக்குள் குளிர்ந்த நீர் ஏறும். குளியலறைக் கதவைப் பூட்டி வையுங்கோ, பிள்ளை அந்தப் பக்கம் போகக்கூடாது.

பிறகு பரணில் உள்ள தண்ணீர்த் தொட்டிகளை ஏணியில் நின்றபடியே பாருங்கோ. ஆவி வருகிறதா? பிளாஸ்டிக் தொட்டியா? அதற்குக் கீழே யாராவது படுக்கிறீர்களா? அப்படியென்றால் இன்றிரவே அறையை மாற்றுங்கோ. 2006-ல் இங்கிலாந்தில் டான்டன் ஊரில் ஒரு வீட்டில் மின்சார வெந்நீர்க் கருவியின் தெர்மோஸ்டாட் பழுதாகி, கொதிநீர் பரணில் இருந்த பிளாஸ்டிக் தொட்டிக்குள் போய்க்கொண்டே இருந்தது. தொட்டி இளகிச் சரிந்து, கீழே தூங்கிய கைக்குழந்தை இறந்துபோனது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. நீங்கள் இதைச் செய்துவிட்டீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

செந்தில்_வேல்ஸ்:
செய்கிறேன்.

வடமராட்சியான்:
அறிவரசு அண்ணை, மேற்கு வேல்ஸில் வருவது மலைத் தண்ணீர், மென்னீர். லண்டனிலும் கென்டிலும் கேத்தலில் படிகிற சுண்ணாம்பு அங்கே படியாது. சத்தம் வரக் காரணம் தண்ணீர் உண்மையிலேயே கொதிப்பதுதான்.

அறிவரசு_67:
மென்னீர் என்றால் துரு. இரும்புப் பாய்லரில் துருச்சேறு படிந்தாலும் ஓட்டம் தடைபடும். நான் சொன்னது தடை என்ற அர்த்தத்தில்தான்.

ஊட்டி_மணி:
குக்கர் கதவைச் சுற்றி வெள்ளைக் கயிறு மாதிரி ஒரு சீல் இருக்கும், அதைப் பாருங்கள். தேய்ந்திருந்தால் காற்றுச் சக்கரத்தை மூடினாலும் இடுக்கு வழியாகக் காற்று போய்க்கொண்டே இருக்கும், நெருப்பு அடங்கவே அடங்காது. ஒரு தாளைக் கதவில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், சுலபமாக வந்தால் சீல் போய்விட்டது. நான் வேலை பார்த்த எஸ்டேட் பங்களாவில் வெள்ளைக்காரர் காலத்து அடுப்பு ஒன்று இருந்தது, அதில் இதுதான் பிரச்சினை. இதுவும் அதுதான், சந்தேகமே வேண்டாம்.

கோவை_பம்ப்காரன்:
நான் சொல்வது சுலபம். குக்கரில் இருந்து சிலிண்டருக்குப் போகிற குழாயில் ஒரு கேட் வால்வு போடுங்கள். வெந்நீர் போதும் என்றால் அடைத்துவிடலாம், வேண்டும்போது திறக்கலாம். செலவும் கம்மி.

வடமராட்சியான்:
வேண்டாம்! இதை வாசிக்கிற யாரும் அப்படிச் செய்யாதேயுங்கோ. கேஸ், மின்சாரம் என்றால் சுவிட்சை அணைத்ததும் சூடு நிற்கும். விறகு நெருப்பு அப்படி நிற்காது. வால்வை அடைத்தால் பாய்லரில் இருக்கும் தண்ணீருக்குப் போக இடமில்லை, நெருப்போ எரிந்துகொண்டே இருக்கும். கொதிநீரையும் ஆவியையும் பரண் தொட்டிக்கு வெளியேற்றுகிற வென்ட் குழாயும் அந்த வழியில் இருந்தால் பாய்லர் வெடிக்கும். பாய்லருக்கும் வென்ட்டுக்கும் நடுவில் எந்த அடைப்பும் இருக்கக் கூடாது என்பதுதான் இந்தத் தொழிலில் முதலில் சொல்லித் தருவது.

கணக்கைப் பாருங்கோ. 120 லிட்டர் சிலிண்டரை 10 டிகிரியில் இருந்து 60-க்குக் கொண்டுவர ஏறக்குறைய 7 கிலோவாட் மணி வேண்டும். பாய்லர் தண்ணீருக்கு 3 கிலோவாட் கொடுத்தால் 2 மணி 20 நிமிடத்தில் அந்த வேலை முடிந்துவிடும். இன்னும் 2 மணி நேரம் கூட எரியத் தேவையில்லை, 100 டிகிரியைத் தொட்டுவிடும். தம்பி வீட்டில் இரவும் பகலும் எரிகிறது. யாரும் வெந்நீர் எடுக்காத நேரத்தில் அந்த 3 கிலோவாட் எங்கே போகும்? அதைத்தான் கேட்க வேண்டும். சரியாகக் கட்டின வீட்டில் அதற்கு ஒரு வழி வைத்திருப்பார்கள். ஹீட் லீக் ரேடியேட்டர் என்று சொல்லுவோம். பம்ப் இல்லாமல், வால்வு இல்லாமல், தானாகவே சூடாகிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் குளியலறையில் துண்டு போடும் கம்பியாக இருக்கும்.

செந்தில், இதற்குப் பதில் சொல்லுங்கோ: பாய்லரில் இருந்து மேலே போகும் குழாய் 28 மி.மீ. தடிமனா? வழியில் பம்ப் உண்டா? வீட்டில் எந்த ரேடியேட்டராவது எப்போதும் சூடாக இருக்கிறதா?

நர்ஸ்_கல்பனா:
குழந்தை இருப்பதால் சொல்கிறேன். 60 டிகிரித் தண்ணீரில் பெரியவர்களுக்கே 5 விநாடியில் ஆழமான தீக்காயம் வரும், குழந்தையின் தோல் இன்னும் மெல்லியது. குளிக்க வைக்கும்போது முதலில் குளிர்நீர், அப்புறம் வெந்நீர், பிறகு முழங்கையால் பார்த்துவிட்டுத்தான் குழந்தையை இறக்க வேண்டும்.

லெஸ்டர்_லதா:
அப்படியானால் சிலிண்டரையே 45 டிகிரியில் வைத்தால் போயிற்று. யாருக்கும் சுடாது, எரிபொருளும் மிச்சம்.

நர்ஸ்_கல்பனா:
அது கூடாது. 20-இலிருந்து 45 டிகிரி வரை லெஜியோனெல்லா என்ற நுரையீரல் நோய்க் கிருமி வளரும். சேமிப்பு 60 டிகிரியில் இருக்க வேண்டும். குளியல் தொட்டிக்கு முன்னால் குளிர்நீரைக் கலக்கும் மிக்ஸிங் வால்வு வைத்துச் சூட்டைக் குறைப்பதுதான் சரி.

லெஸ்டர்_லதா:
நாங்கள் பல வருடமாகக் குறைத்துத்தான் வைத்திருக்கிறோம், ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை.

நர்ஸ்_கல்பனா:
உங்களிடம் இருப்பது காம்பி என்று வேறொரு இழையில் சொன்னீர்கள். காம்பியில் தண்ணீர் தேங்குவதில்லை, அதனால் பிரச்சினை இல்லை. இங்கே நாள்கணக்கில் சிலிண்டரில் நிற்கும் தண்ணீர். இரண்டும் ஒன்றல்ல.

அறிவரசு_67:
இரண்டு பேருமே பாதிதான் சொல்கிறீர்கள். கட்டட விதியில் குளியல் தொட்டிக்கு 48 டிகிரிதான் உச்சவரம்பு. விதியைப் படித்துவிட்டு விவாதியுங்கள்.

நர்ஸ்_கல்பனா:
அந்த 48 குழாய் வாயில் வரும் தண்ணீருக்கு, அதுவும் 2010-க்குப் பிறகு கட்டிய வீடுகளுக்கு. சிலிண்டருக்கு அல்ல. நான் சொன்னதும் அதுதானே.

கோவை_பம்ப்காரன்:
கேட் வால்வு ஆபத்து என்றால் சரி, பம்ப் போடலாமே? குழாயில் ஒரு சென்சார் வைத்து, சூடு ஏறினால் பம்ப் ஓடி எல்லா ரேடியேட்டருக்கும் தள்ளட்டும்.

வடமராட்சியான்:
இது நல்ல யோசனை, பல வீடுகளில் பைப் தெர்மோஸ்டாட் வைத்து இப்படித்தான் செய்கிறோம். ஆனால் அதை மட்டும் நம்பக்கூடாது. 2024 டிசம்பரில் டாரா புயல் அடித்தபோது மேற்கு வேல்ஸில் பல வீடுகளுக்கு நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. கரண்ட் இல்லாவிட்டால் பம்ப் இல்லை. அன்றைக்குக் குளிருக்கு எல்லாரும் அடுப்பைத்தான் பெரிதாக எரிப்பார்கள். அதனால் பம்ப் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சூடான நீர் தானாக ஏறி, ஆறி, தானாக இறங்குகிற ஒரு ரேடியேட்டர் கட்டாயம்.

செந்தில்_வேல்ஸ்:
சக்கரத்தை மூடிவிட்டேன், வெந்நீர் திறந்து விட்டேன், இப்போது சத்தம் நின்றுவிட்டது. பரணில் இரண்டு தொட்டிகள், சின்னதில் ஆவி, மூடியெல்லாம் ஈரம். பிளாஸ்டிக்தான். குழந்தையின் கட்டில் சரியாக அதற்குக் கீழே இருந்தது, எங்கள் அறைக்கு மாற்றிவிட்டோம். குழாய் நல்ல தடிமன், பம்ப் எதையும் பார்க்கவில்லை. ரேடியேட்டர் எதுவும் எப்போதும் சூடாக இருப்பதில்லை. குளியலறையில் துண்டுக் கம்பி இருக்கிறது, ஆனால் அது கரண்டில் ஓடுவது. கோடையில் வீட்டுக்காரர் குளியலறையைப் புதுப்பித்தபோது வைத்தது.

ஊட்டி_மணி:
கயிறு சீல் பார்த்தீர்களா?

வடமராட்சியான்:
புதுப்பித்தார்களா? அதற்கு முன் அந்த இடத்தில் என்ன இருந்தது?

செந்தில்_வேல்ஸ்:
நாங்கள் வந்தபோது இரும்பில் பெரிய கம்பி இருந்ததாக மனைவி சொல்கிறாள். எப்போதும் சுடும், குழந்தை தொடுகிறாள் என்று எடுத்துவிட்டார்களாம்.

வடமராட்சியான்:
அதுதான் விஷயம். அது அலங்காரத்துக்கு வைத்த கம்பி இல்லை, இந்த வீட்டின் ஹீட் லீக் அதுதான். அதைக் கழற்றிக் குழாய் நுனிகளை அடைத்துவிட்டு மின்கம்பி வைத்திருக்கிறார்கள். கோடையில் அடுப்பு அதிகம் எரியாததால் யாருக்கும் தெரியவில்லை. குளிர் வந்து இரவும் பகலும் எரிக்கத் தொடங்கியதும் மிச்சச் சூடு முழுவதும் சிலிண்டருக்கே போகிறது. குளியலறை வேலை செய்தவருக்கு அடுப்பு தெரியாது, அவ்வளவுதான். பிள்ளை தொடுகிறது என்றால் கம்பிக்கு முன்னால் ஒரு காப்புச் சட்டம் போட்டிருக்கலாம்.

ஹீட்டாஸ் ஆள் வரும்வரை அடுப்பைச் சிறிதாக, பகலில் மட்டும், ஆட்கள் விழித்திருக்கும் நேரத்தில் எரியுங்கோ. முடிந்தால் முழுக்க அணைத்துவிட்டு மின்சார ஹீட்டரில் சமாளியுங்கோ.

அறிவரசு_67:
ஓட்டத்தில் தடை என்று நான் முதலிலேயே சொன்னேன்.

லெஸ்டர்_லதா:
வாடகை வீடு என்பதால் செலவு உங்களுடையது அல்ல. வீட்டுக்காரருக்கு இன்றே எழுத்தில் அனுப்புங்கள், பரணில் உள்ள தொட்டியைப் படம் எடுத்து இணையுங்கள்.

அறிவரசு_67:
இங்கிலாந்துச் சட்டப்படி வாடகை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

லெஸ்டர்_லதா:
அவர் இருப்பது வேல்ஸ். அங்கே 2022 டிசம்பர் 1-இலிருந்து தனிச் சட்டம். வீடு குடியிருக்கத் தகுதியாக இருக்க வேண்டியது வீட்டுக்காரர் பொறுப்பு. விறகு அடுப்பு இருக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் வைத்துக்கொடுப்பதும் அவர் பொறுப்புதான். ஒப்பந்தத்தில் என்ன எழுதினாலும் அது மாறாது. செந்தில், சமையலறையில் அலாரம் இருக்கிறதா?

ஊட்டி_மணி:
கயிறு சீலையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள், மறக்க வேண்டாம்.

செந்தில்_வேல்ஸ்:
எல்லோருக்கும் நன்றி. ஹீட்டாஸ் ஆள் வந்து பார்த்தார். புதுக் கம்பிக்குப் பின்னால் சுவருக்குள் அடைத்த குழாய்கள் இருந்தன. பழைய மாதிரியே இரும்புக் கம்பி வைத்து, குளியல் தொட்டிக்கு மிக்ஸிங் வால்வும் போட்டுவிட்டார். வீட்டுக்காரர் செலவு. கதவுக் கயிறும் தேய்ந்திருந்தது, மாற்றிவிட்டார்கள். இப்போது சரி.

ஊட்டி_மணி:
கயிறு தேய்ந்திருந்ததா! சந்தோஷம்.

வடமராட்சியான்:
மிக்க சந்தோஷம் தம்பி. இரண்டு விஷயம் பாருங்கோ. அந்தக் கம்பியின் இரு முனையிலும் கையால் திருகும் பிடி இருக்கிறதா? இருந்தால் கழற்றிவிடச் சொல்லுங்கோ, பிறகு யாராவது சூடாக இருக்கிறது என்று அடைத்துவிடுவார்கள். கொதிநீர் போன அந்தச் சின்னத் தொட்டி அடியில் வளைந்திருந்தாலோ வெடிப்பு தெரிந்தாலோ அதையும் மாற்ற வேண்டும். அதுவரைக்கும் கட்டில் அங்கே திரும்பிப் போக வேண்டாம். லதா கேட்ட அலாரத்துக்கும் பதில் எழுதுங்கோ.