கல்லில் எந்த வருடத்தைப் பொறிப்பது?

மேட்டுலயத்தான்:
இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் எழும்புகிறது. வாசலில் ஒரு கல் பதிக்கப் போகிறார்கள். அதில் 'ஆரம்பம்' என்று போட்டு, அரசாங்கம் பள்ளியைப் பொறுப்பேற்ற வருடத்தை எழுதுவதாக அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் முடிவாம். எழுபதுகளின் கடைசி. என் தாத்தா அந்தப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். அரசாங்கம் எடுப்பதற்கு முன்னமே கண்ணை மூடிவிட்டார். இந்தக் கல்லின் கணக்குப்படி பள்ளிக்கூடம் பிறப்பதற்கு முதலே அவர் படித்து, உழைத்து, செத்தும் போனார்!

1907-ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான் தோட்டங்களில் பள்ளிக்கூடம் கட்டாயமானது. அதற்கு முதலே லயத்து இஸ்தோப்பில், அதாவது தொழிலாளர் வரிசைவீட்டுத் திண்ணையில், மணலைப் பரப்பி 'அ' எழுதப் பழக்கிய கங்காணிமார் இருந்தார்கள். எங்கள் ஊரிலும் அப்படித்தான் தொடங்கியது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதையெல்லாம் ஒரு கல்லால் மூடப் பார்க்கிறார்கள்.

ஓய்வுபெற்ற அதிபர்:
தம்பி, அந்த யோசனையைக் கூட்டத்தில் கொண்டுவந்தவன் நான்தான். இதில் மறைக்க ஒன்றும் இல்லை. 1907 சட்டத்தைச் சொன்னீர்களே, அது சொன்னதை முழுதாகச் சொல்லுங்கள். ஆறு வயதிலிருந்து பத்து வயது வரைக்கும் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் படிப்பிக்கத் தோட்டத்துரை வழி செய்ய வேண்டும், அவ்வளவுதான். பத்து வயதுக்குப் பிறகு கொழுந்துக்கூடை காத்திருந்தது. 1920-இல் இன்னொரு சட்டம் வந்து கொஞ்சம் இறுக்கியது. இறுக்கியும் என்ன கண்டோம்?

1945-இல் இலவசக் கல்வி வந்தது, அதைக் கொண்டுவந்த கல்வி அமைச்சர் கன்னங்கராவை நாடே கொண்டாடியது. நம் பிள்ளைகள் துரையின் பொறுப்பிலேயே கிடந்தார்கள். தோட்டம் நிலமும் கட்டடமும் ஆசிரியருக்கு வீடும் கொடுத்தால் அரசாங்கம் நடத்தும் என்று 1947-இல் சட்டத்தில் எழுதினார்கள். பெரும்பாலான தோட்டங்களில் எழுதியதோடு சரி. 1960, 61-இல் மிஷன் பள்ளிகளையெல்லாம் அரசாங்கம் எடுத்தபோதும் தோட்டப் பள்ளிகளைத் தொடவில்லை. 1972, 75-இல் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்களே அரசுடைமையான பிறகுதான், 1977-க்கு மேல், பள்ளிகள் ஒவ்வொன்றாகக் கல்வித் திணைக்களத்துக்குக் கைமாறின.

நான் அங்கே ஆசிரியனாகப் போனது எண்பதுகளில். ஒரே மண்டபம், அரைச்சுவர், தகரக் கூரை. கரும்பலகை ஒன்றுதான். முன்பக்கம் மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு, பின்பக்கம் ஐந்தாம் வகுப்புக்குத் தமிழ். ஆனி, ஆடி மழை தகரத்தில் இறங்கினால் பாடம் நின்றுவிடும், கத்தினாலும் கேட்காது. அந்த நாளில், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. பயிற்சி பெற்ற ஆசிரியர், புத்தகம், ஆறாம் வகுப்பு எல்லாம் பிறகு வந்தவை. பள்ளிக்கூடம் என்று நான் சொல்வது அதைத்தான்.

கணக்கப்பிள்ளை பேரன்:
இரண்டு பேரும் ஒரு விசயத்தை விட்டுவிட்டீர்கள். அந்த மண்டபத்தின் கருங்கல் அத்திவாரம் யார் போட்டது? தோட்டம். மாஸ்டருக்குச் சம்பளம், குடியிருக்கக் காம்பரா, விறகு எல்லாம் தோட்டக் கணக்கில். வருடத்துக்கொரு தடவை சுண்ணாம்பு அடிப்பார்கள் என்று அப்பா சொல்வார். அரசாங்கம் எடுத்த பிறகு கூரை ஒழுகியது, பல வருடம். ஒரு கந்தோரில் கேட்டால் "கட்டடம் எங்களுடையதில்லை" என்றார்கள், இன்னொரு கந்தோரில் கேட்டால் "பள்ளிக்கூடம் எங்களுடையதில்லை" என்றார்கள். வெள்ளைக்காரத் துரையைக் கும்பிடச் சொல்லவில்லை, செய்ததைச் செய்தார் என்று ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்?

மேட்டுலயத்தான்:
அண்ணே, துரை தர்மத்துக்கா கட்டினார்? பிள்ளைகளின் வரவைப் பார்த்து அரசாங்கம் தோட்டத்துக்கு உதவிப்பணம் கொடுத்தது. அதனால் இன்ஸ்பெக்டர் வருகிற அன்றைக்கு மலையில் புல்லு வெட்டுகிற பையன்களைக்கூட முகம் கழுவி உட்கார வைப்பார்களாம். தாத்தா அதைச் சிரித்துச் சிரித்துச் சொல்வார். அவர் பக்கத்தில் உட்கார்ந்த ஒருவனுக்கு மீசை அரும்பியிருந்ததாம். விடியத் தப்பு மேளம் அடித்தால் அப்பா, அம்மா இருவரும் வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக்களத்துக்குப் போக வேண்டும், சின்னதுகளை எங்கேயாவது இருத்தி வைக்க வேண்டும். சட்டமும் இருந்தது, தேவையும் இருந்தது. நன்றிக் கல் கேட்கிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

அதிபர் சேர் சொன்ன குறைகளை நான் மறுக்கவே இல்லை. படிப்பு மோசமாக இருந்தது என்பதற்காகப் படித்தவர்கள் இல்லை என்று ஆகிவிடுமா? ஒரு மாஸ்டர், ஐந்து வகுப்பு, தோட்டமே கடிதம் எழுதவும் தந்தி வாசிக்கவும் அவர் வாசலில்தான் நிற்கும். அவர் பேர் எந்தக் கல்லிலும் கிடையாது.

ஓய்வுபெற்ற அதிபர்:
உங்கள் தாத்தா மூன்றாம் வகுப்போடு நின்றார். அவர் நிற்கவில்லை தம்பி, நிறுத்தினார்கள். அந்த ஏற்பாட்டுக்குப் பிறந்தநாள் கொண்டாடச் சொல்கிறீர்கள். என்னிடம் படித்த ஒரு பிள்ளை பள்ளிப் படிப்பை முடித்து, பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிக்குப் போய், திரும்ப அதே பள்ளிக்கு டீச்சராக வந்தாள். நான் வருடம் எண்ணத் தொடங்குவது அந்தப் பாதை திறந்த இடத்திலிருந்து.

டீச்சரம்மா:
சேர் சொன்ன பிள்ளை நான்தான். அதனால் பேசாமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை.

பிள்ளைகளைச் சேர்க்கும்போது பதிகிற பழைய சேர்விடாப்பு ஒன்று எங்கள் ஸ்டாப் ரூம் அலுமாரியில் கிடக்கிறது. முதல் சில தாள்களைக் கறையான் தின்றுவிட்டது, எனவே தொடங்கிய வருடம் அதிலிருந்து கிடைக்காது. மிச்சத் தாள்களை யாராவது புரட்டிப் பார்த்தீர்களா? பிள்ளையின் பேர், தகப்பன் பேர், லயத்து நம்பர், சேர்ந்த தேதி, விலகிய தேதி. கடைசிக் கட்டம் விலகிய காரணம். மாஸ்டரின் கையெழுத்து மணி மணியாக இருக்கும். பையன்களுக்கு நேரே 'வேலை', 'வேறு தோட்டம்'. பெண்பிள்ளைகளுக்கு நேரே 'தம்பியைப் பார்க்க', 'வீட்டில்', மறுபடியும் 'தம்பியைப் பார்க்க'. இரண்டாம் வகுப்பைத் தாண்டிய பெண் பேரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அப்புறம் ஒரு கட்டத்தில் பக்கம் பக்கமாக ஒரே சொல், 'இந்தியா'. அதற்கடுத்து, 1973, 74 பஞ்சத்தில், காரணமே எழுதாமல் வெறும் கோடு. மாவும் அரிசியும் இல்லாமல் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று அவருக்கே தெரியவில்லையோ என்னவோ.

மூவரும் யார் கட்டினது, யார் எடுத்தது என்று சண்டை பிடிக்கிறீர்கள். எனக்கென்னவோ, அந்த இடாப்பைப் பார்த்த பிறகு சேரின் பக்கம் முழுதாக நிற்க முடியவில்லை. எனக்குத் திறந்த பாதை அவர்களுக்கு அடைத்திருந்தது, உண்மை. அடைத்த கதவுக்கு முன்னால் அவர்கள் வந்து உட்கார்ந்ததும் உண்மைதானே?

கூடலூர்க்காரன்:
நீலகிரியிலிருந்து எழுதுகிறேன். டீச்சர் சொன்ன 'இந்தியா' பக்கத்தில் நானும் இருப்பேன்.

1964-இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று நாடில்லாமல் கிடந்த தோட்டத்து ஆட்களைப் பங்கு வைத்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த பங்கு இந்தியா. பஞ்சத்துக்கு முந்திய வருடம் தலைமன்னாரில் கப்பல் ஏறினோம், மண்டபம் முகாமில் சில நாள், பிறகு கூடலூரில் தமிழக அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டம். தேயிலையை விட்டுத் தேயிலைக்கே வந்தோம்.

புறப்படும்போது மாஸ்டர் எனக்கு விடுகைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். மைக்கூட்டில் தொட்டு எழுதும் பேனா. முடித்ததும் வாயால் ஊதிக் காய வைத்து, நாலாக மடிக்காதே, சுருட்டி வை என்றார். இங்கே சேர்க்கப் போனபோது வாத்தியார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முத்திரை தோட்டத்துடையது. "இது பள்ளிக்கூடத்துச் சீட்டா, எஸ்டேட் சீட்டா?" என்று கேட்டு என்னை இரண்டு வகுப்பு கீழே போட்டார். தாடி வைக்கிற வயதில் எட்டாவது முடித்தேன்.

இப்போது நீங்கள் அந்தக் கல்லை வைத்தால் அந்த வாத்தியார் கேட்டது சரி என்று ஆகிவிடும். அப்படியென்றால் நான் எங்கேதான் படித்தேன்?

கணக்கப்பிள்ளை பேரன்:
துரை கதையை நான் விட்டுவிடுகிறேன். அண்ணே, அந்தப் பத்திரம் இன்னும் இருக்கிறதா?

கூடலூர்க்காரன்:
இருக்கிறது. ஓரம் பூச்சி அரித்திருக்கிறது. சேர்ந்த தேதி, மாஸ்டர் கையெழுத்து, முத்திரை மூன்றும் தெளிவு. சுருட்டித்தான் வைத்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற அதிபர்:
முத்திரை விளங்குகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். கல் இன்னும் ஹட்டனில் கடையில்தான் கிடக்கிறது, எழுத்து வெட்டவில்லை. ஆரம்ப வருடம் கிடைக்காவிட்டால் 'ஆரம்பம்' என்ற சொல்லையே எடுக்கலாம். ஆனால் அரசு பொறுப்பேற்ற வருடம் அதில் இருக்கும். அதை எடுக்க விடமாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

மேட்டுலயத்தான்:
எடுக்கச் சொல்லவே இல்லையே சேர். மாஸ்டர் பேருக்கும் ஒரு வரி வேண்டும் என்கிறேன். கல் எவ்வளவு அகலம்?

டீச்சரம்மா:
இரண்டடி. அதில் திறந்து வைக்க வருகிறவரின் பேரும் பட்டங்களும் மட்டும் மூன்று வரி.